பைய நில்லும், தண்ணி தானா வரும்

டாக்டர் சார் போன செய்தி, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலையில் இருந்த எனக்கு டிரங்க் காலாக வந்தது. ஒரிசாச் சுரங்கத்தில் இருக்கும் மகனுக்கு அவசர கால் கேட்டார் அவர் மனைவி. என் குரல் தெரிந்ததும், "நீங்களா அண்ணாச்சி? காலையில சார் போயிட்டாவ. பயலுக்குச் சொல்லணும்" என்றார். லைன் கிடைத்ததும் "பேசுங்கம்மா" என்றேன். போர்டில் அடுத்த விளக்கு எரிந்தது. களக்காட்டுக்கு ஒரு கால். அதையும் போட்டேன். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை.

டவுணில் அவரிடம் காது காட்டாதவர்கள் நம்மில் யார்? நான் அவரிடம் காட்டப் போனது ஓர் ஐப்பசியில். தினமும் ஆற்றில் முங்கிக் குளித்துவிட்டு ஈரக்காதோடு ஹெட்செட் மாட்டுவேன். உள்ளே அரிக்கும். சைக்கிள் சாவியால் குடைவேன். அப்பாடா, என்ன சுகம்! கொஞ்ச நாளில் வலது காது வீங்கி அடைத்துக்கொண்டது. சோறு மெல்ல முடியவில்லை. வீட்டுக்காரி பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றினாள், வலி கூடியது. காது கேட்காத ஆபரேட்டருக்கு எக்ஸ்சேஞ்சில் என்ன வேலை? அந்தப் பயத்திலேயே பாதி செத்துவிட்டேன்.

டாக்டர் காது மடலை லேசாக இழுத்தார். அலறிவிட்டேன்.

"என்னத்த வே விட்டீரு உள்ள?"

"சாவி, சார்."

"அது என்ன பூட்டா? பூண்டு வாடை வேற அடிக்கி, அதை ரசத்துல போடச் சொல்லும் வீட்டுல. செவுடாக மாட்டீரு, நான் பொறுப்பு. நீரு கைய மட்டும் வெளிய வச்சிக்கிடும்."

மருந்தில் நனைத்த துணித்திரியை உள்ளே வைத்தார். ஆறும்வரை ஆற்றுப்பக்கம் தலைகாட்டக் கூடாது என்றார். குணமானபின், ஒரு விடியற்காலையில் படித்துறையில் என்னைப் பிடித்துக்கொண்டார். தலையைச் சாய்த்து, மடலை இழுத்துப் பிடித்து நிற்க வைத்தார். "பைய நில்லும், தண்ணி தானா வரும். வெளிய மட்டும் துண்டால ஒத்தும்." குளிக்க வந்த எல்லோரையும் அப்படித்தான் நிற்க வைப்பார். பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

மகன் வந்து சேர்ந்ததும் எடுத்தோம். சுடுகாட்டிலிருந்து திரும்பி ஆற்றில் முங்கி எழுந்தோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. படி நெடுகத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றோம். அவர் மகனும் நின்றான். ஒருவரும் சிரிக்கவில்லை.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வேலைக்குப் போகிறேன். ஹெட்செட்டை வலது காதில்தான் மாட்டுகிறேன். அவர் மீட்டுக் கொடுத்த காது. அவர் போன செய்தியை வாங்கிக்கொண்டதும் அந்தக் காதுதான்.