பார்ட்டி அலெக்சாண்டர்

கிளாரினெட்டில் செருகும் நாணல் பட்டையை நாக்கில் ஊறவைத்துக்கொண்டே, வந்தவரை ஏற இறங்கப் பார்க்கிறார் அலெக்சாண்டர். "எந்தப் பார்ட்டி?" என்பதுதான் முதல் கேள்வி. வந்தவரின் பேரும் ஊரும் அவருக்கு அப்புறம்தான்.

ஜோகுபாளையத்தில் அவருடைய பேண்டு செட்டைத் தெரியாதவர்கள் இல்லை. இளமையில் கண்டோன்மெண்ட் பட்டாளத்து பேண்டில் இருந்தவர். சோல்ஜர் செத்தால் பெட்டி தூக்க வருவது பரியல் பார்ட்டி, துரைசானி வீட்டுப் புல்தரையில் கேக் தின்பது டீ பார்ட்டி என்று அங்கே பழகிய வார்த்தை, பென்ஷனோடு சேர்ந்து அவருடனேயே வந்துவிட்டது. இப்போது கல்யாண வீட்டாரும் பார்ட்டி, சாவு வீட்டாரும் பார்ட்டி. பங்குச் சாமியாரைக்கூட ஒருநாள் "பெரிய பார்ட்டி" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கதர்ச் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் வந்து, "நம்ம பார்ட்டி மீட்டிங்குக்கு வாசிக்கணும்" என்றபோது, "கல்யாணமா, சாவா? அதைச் சொல்லுங்க மொதல்ல" என்றார்.

"ஊதச் சொல்றவன் பார்ட்டி, ஊதுறவன் பேண்டு. உலகத்துல அவ்ளோதான் சார் ஜாதி" என்பார். இதில் தாம் எந்த ஜாதி என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு வீட்டுச் சாவுக்கு ஊதினால், வருஷம் திரும்பும்வரை அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு ஊதமாட்டார். "அழுத பார்ட்டி காதுல அந்தச் சத்தம் இன்னும் இருக்குதுங்க. அதே வாயி போயி அங்க கும்மாளம் போடலாமா? பேடா, பேடா" என்று கன்னடத்தில் வேண்டாம் சொல்லிக் கையை விரித்து, பக்கத்துச் சூளைப் பகுதியில் இருக்கும் மைக்கேல்ராஜ் செட்டுக்கு அனுப்பிவிடுவார். தொழிலில் வேறு யாரும் இப்படிப் பார்ப்பதில்லை. பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று அவருடைய ஆட்களே முணுமுணுப்பார்கள்.

போன ஐப்பசி மழையில் அவர் மனைவி கேத்தரின் போய்ச் சேர்ந்தாள். கல்லறைவரை நனைந்துகொண்டே அவரே ஊதினார். ஈஸ்டர் கழிந்ததும் மகள் ஜூடித்துக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குத் தங்கவயலில் வேலை, லீவு அப்போதுதான் கிடைத்தது.

"அம்மாவுக்கு ஊதினியே நைனா, எனக்கு மாட்டியா?"

"அம்மாவுக்கு ஊதினதாலதான்டி மாட்டேன்."

"நீ வாசிக்கலேன்னா நான் கோயில் படிய விட்டு எறங்க மாட்டேன், பார்த்துக்கோ."

பெண் அழுதாள். தாயில்லாப் பெண்ணை அழவிட்டோமே என்று அவருக்கும் மனசு கேட்கவில்லை. ஆனாலும் மறுநாள் சூளைக்குப் போய் மைக்கேல்ராஜுக்கு வெற்றிலை பாக்கு வைத்துவிட்டு வந்தார்.

பூசை முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் கோயில் வாசலுக்கு வந்தார்கள். கீழே சிவப்புக் கோட்டு போட்ட பேண்டு காத்திருந்தது. மைக்கேல்ராஜ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அலெக்சாண்டரிடம் வந்து, "ஸ்டார்ட் பண்ணலாங்களா? பார்ட்டி உத்தரவு தரணும்" என்றார்.

அலெக்சாண்டர் சட்டென்று திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் வேறு எந்தப் பார்ட்டியும் இல்லை. மேல்படியில் ஜூடித் நின்றாள். மாப்பிள்ளை கையைப் பிடித்து மெல்ல இழுத்தும் அவள் கால் அசையவில்லை. கூட்டத்தில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அவர் விறுவிறுவென்று பேண்டு வரிசைக்குள் புகுந்து, கடைசியில் நின்றவன் கழுத்திலிருந்த பெரிய டிரம்மைக் கழற்றி, புதுக் கோட்டு கசங்கத் தம் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"இதுல வாயி படாது" என்று மகளைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கோலை ஓங்கினார்.