விக்கலுக்குக் கூப்பிட்ட பெயர்கள்

ஜெர்சன் வீட்டை விட்டுப் போனது ஒரு சாம்பல் புதன்கிழமை. காலைப் பூசையில் சாமியார் பூசிவிட்ட சாம்பல் நெற்றியில் அப்படியே இருந்தது. கப்பலில் சமையல் வேலைக்குச் சேரப்போவதாகச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு பையோடு திருநகர் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தான். அவனுக்காகக் கோர்ட்டில் ஒரு தற்காலிக வேலைக்குச் சொல்லி வைத்திருந்த அவன் அப்பா சவரியப்பன், வாசலில் நின்று, "போ. இனி ஒம் பேர நான் கூப்பிட மாட்டேன்" என்றார்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் கோபத்தில் வந்த பேச்சு என்று விட்டுவிடலாம். சவரியப்பன் என் தாய்மாமா. முப்பத்தொரு வருடம் கோர்ட்டில் டவாலியாக இருந்தவர். வழக்குக்கு வந்தவர்களின் பெயரை வராந்தாவில் நின்று மூன்று முறை கூப்பிடுவதுதான் அவர் வேலை. மூன்றாவது முறைக்குள் "ஆஜர்" என்று குரல் வராவிட்டால் ஆள் வரவில்லை என்று எழுதிவிடுவார்கள். வாசலில் சொன்ன சொல்லை அவர் ஆறு வருடம் காப்பாற்றினார். ஜெர்சனும் ஒரு வரி எழுதவில்லை. அவன் பழைய போன் நம்பர் எப்போதோ செத்துப்போயிருந்தது.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது, மாமாவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்ற வேண்டும். எனக்கு வேலை இல்லை, அத்தைக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. அதனால் கூட்டிப்போகும் பொறுப்பு என்னிடம் வந்தது.

மருந்து ஏற்றிய மறுநாள் காலை விக்கல் தொடங்கும். மூன்று நாள் விடாது. ஒரு வாய் கஞ்சி இறங்குவதற்குள் நாலு விக்கல். தூக்கத்திலும் நெஞ்சு துள்ளும்.

"யாரோ நெனைக்கிறாங்க" என்று ஆனிமேரி அத்தை அவர் வாயில் சீனியைப் போடுவாள். நினைக்கிற ஆளின் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டால் விக்கல் நிற்க வேண்டும். மாமா அதைக் கோர்ட் முறைப்படியே செய்தார். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, எதிர்வீட்டுக்காரரிலிருந்து ஆரம்பித்தார்.

"சிவக்குமார்! சிவக்குமார்! சிவ... க்... குமார்!"

"அவரு எதுக்குங்க ஒங்கள நெனைக்கப்போறாரு? மோட்டார நிறுத்தவே மறந்துபோற மனுசன்."

"சரி, ஒந் தம்பி பெர்சி."

"அவன் நெனைச்சா எனக்கில்ல விக்கணும்?"

கூட வேலை பார்த்தவர்கள், ரிட்டயரான நீதிபதிகள், தல்லாகுளத்தில் டீ கொண்டுவந்து கொடுத்த முத்துக்குமரன் என்று எல்லாரையும் கூப்பிட்டார். யாரும் ஆஜராகவில்லை.

இது சிரிப்பாக மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. எடை ஐம்பது கிலோவுக்குக் கீழே போனால் அடுத்த மருந்தைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். சாப்பிட முடியாத மூன்று நாளும் ஒவ்வொரு முறையும் ஒரு கிலோவைத் தின்றன.

மூன்றாம் தடவை போனபோது எடை ஐம்பத்தொன்று. நர்ஸ் செல்லத்தாய், "ஐயா, வேற எதாச்சும் தொந்தரவு இருக்கா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லம்மா."

நான் வாயைத் திறந்தேன். மாமா என் கையைக் கிள்ளினார்.

திரும்பும் வழியில் டீக்கடையில் கேட்டேன். "ஏன் மாமா விக்கலப் பத்திச் சொல்லல?"

"சொன்னா மருந்து குடுத்து விக்கல நிப்பாட்டிருவாக."

"நிப்பாட்டட்டுமே!"

அவர் டீயை ஊதிக்கொண்டே இருந்தார். "ஆறு வருசமா ஒரு தகவலும் இல்ல, புள்ள. இப்ப இது வருது. எல்லாப் பேரையும் கூப்பிட்டுப் பாத்துட்டேன். எதுக்கும் நிக்கல. மிச்சம் ஒரு பேருதான்."

"அதையும் கூப்பிட்டுப் பாக்க வேண்டியதுதான?"

"கூப்பிட்டும் நிக்கலேன்னா?"

அந்த முறையும் மூன்று நாள் விக்கினார்.

அடுத்த தடவை எடை நாற்பத்தொன்பதரை. மருந்தை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். மாமா வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் செல்லத்தாயிடம் சொல்லிவிட்டேன்.

"இம்புட்டு நாளும் இத வச்சுக்கிட்டா சும்மா இருந்தீங்க?" என்று அவர் தலையில் கை வைத்தார். வாந்தி வராமலிருக்கக் கூடவே கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தால் சிலருக்கு, அதுவும் ஆண்களுக்கு, இப்படி விக்கல் வருமாம். டாக்டர் அதை மாற்றி எழுதினார். மாமா சீட்டை வாங்கிப் பையில் வைத்தார். ஸ்கூட்டரில் என் தோளைப் பிடிக்காமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அடுத்த மருந்துக்குப் பிறகு விக்கல் வரவில்லை. முதல் நாள் மூன்று இட்லி சாப்பிட்டார். இரண்டாம் நாள் மீன்குழம்பு கேட்டார். என்னோடு மட்டும் பேசவில்லை. அடிக்கடி சாப்பாட்டின் நடுவே கையை நிறுத்தி, நெஞ்சில் ஏதாவது வருகிறதா என்று பார்த்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம், கோர்ட்டுக்குப் போன காலத்தில் போலவே வெள்ளைச் சட்டை போட்டுக் கழுத்துப் பொத்தான் வரை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். அந்தப் பொத்தானைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்தது. போனில் அவர் குரலைப் பதிவு செய்ய ஆரம்பித்தேன்.

"ஜெர்சன்!"

தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஜெர்சன்!"

குரல் ஒடுங்கியிருந்தாலும் நடுங்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டார்.

"சவரியப்பன் மகன் ஜெர்..."

அடுப்படியில் குக்கர் விசில் அடித்து மீதியை விழுங்கிவிட்டது. அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"ஆளு வரலன்னு எழுதிக்கவா?"

"எழுதாத. வாய்தா போடு" என்றார் மாமா. பிறகு என்னைப் பார்த்து, "என்ன புள்ள பாக்குற? சோத்தப் போடு" என்றார்.

அன்றே அந்தப் பதிவை ஜெர்சனின் பழைய மெயில் முகவரிக்கு அனுப்பினேன். பதில் இல்லை. மாமாவுக்கு மிச்சமிருந்த மருந்தெல்லாம் ஏற்றி முடிந்தது. கிறிஸ்துமஸ் போனது. எடை ஐம்பத்துநாலுக்கு ஏறியது. பத்து மாதம் கழித்து, பெரியார் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோது என் போனில் அந்தச் செய்தி வந்தது.

"அப்பாகிட்ட காட்டு. ஆஜர்ப்பா. பழைய மெயில இன்னைக்கித்தான் தொறந்தேன். மூணாவது தடவ குக்கர் சத்தத்துல பேரு பாதிதான் கேட்டுச்சு. ஆனா அது நாந்தான்."