வெளியே இழுத்துப் பார்க்கும் அக்கா

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் எம்ஆர்ஐ என்னும் காந்த ஸ்கேன் அறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளுக்கு ‘இழுவை அக்கா’ என்று பெயர். வைத்தவர் லிப்ட்காரர், வாய் சும்மா இருக்காத மனுஷன். பெயரில் தப்பும் இல்லை. மற்றவர்கள் அரைமணியில் முடிக்கும் இதய ஸ்கேனை அக்கா முக்கால்மணி இழுப்பாள்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. நம் ரத்தத்தில் கரைந்திருக்கும் உப்பின் துகள்கள் மின்சாரம் சுமப்பவை. அவை சும்மா கிடந்தால் காந்தம் சீண்டாது. ரத்தத்தோடு ஓடும்போதுதான் வம்பு. காந்தம் ஒரு வகைத் துகளை இந்தப் பக்கமும் எதிர்வகையை அந்தப் பக்கமும் தள்ளிவிடும். அதில் நெஞ்சுக்குள் துளி மின்சாரம் முளைத்து, ஈசிஜி கோட்டில் ஒரு மேடு வீங்கும். ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருப்பார், திரை மட்டும் மாரடைப்பு என்று பயமுறுத்தும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அந்த மேட்டைப் பார்த்து அக்கா போட்ட கூச்சலில் மாடியிலிருந்து நாலு டாக்டர்கள் ஓடிவந்தார்கள். நோயாளி எழுந்து உட்கார்ந்து, “என்னம்மா, முடிஞ்சுதா?” என்று கேட்டார். அக்காவுக்கு மானம் போயிற்று. அதன்பிறகு மேடு கொஞ்சம் கூடினாலும் போதும், ஆளை மேஜையோடு காந்தம் எட்டாத வெளி அறைக்கு இழுத்து வந்து, கோடு அடங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. பதினெட்டு வருஷமாக ஒவ்வொரு தடவையும் அடங்கியது. சூடு கண்ட பூனை என்று எல்லோரும் சிரித்தார்கள்.

போன வருஷம் லிப்ட்காரரே அந்த மேஜையில் படுத்தார்.

“அக்கா, என்னையும் இழுத்தடிக்காதீங்க. பசிக்குது.”

“வாயை மூடிட்டுப் படுங்க தம்பி.”

உள்ளே போனதும் மேடு எழுந்தது, அது வழக்கம்தான். பாதி ஸ்கேனில் இன்னும் கொஞ்சம் ஏறியது.

“காந்தம்தான்க்கா, விடுங்க. அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும்,” என்றாள் பக்கத்திலிருந்த நர்ஸ்.

அக்காவுக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் பழகிய கை கேட்குமா? பொத்தானை அழுத்திவிட்டது. மேஜை காந்தத்தை விட்டு வெளியே வந்ததும் அதை வெளி அறைக்கு இழுத்துப் போனாள்.

“ஆரம்பிச்சுட்டாங்கய்யா!” என்று லிப்ட்காரர் சிரித்தார்.

கோடு அடங்கவில்லை.

“தம்பி, நெஞ்சு எப்படி இருக்கு?”

“கொஞ்சம் கனமாத்தான் இருக்கு. பசின்னு நினைச்சேன்.”

பதினெட்டு வருஷம் கழித்து அக்கா இரண்டாவது தடவையாகக் கூச்சல் போட்டாள். டாக்டர்கள் ஓடிவந்தார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அன்று மாலைக்குள் இதய ரத்தக்குழாயில் இருந்த அடைப்பை நீக்கிவிட்டார்கள். அந்த ஐந்து நிமிஷம் விட்டிருந்தால் ஆள் இல்லை என்றார் பெரிய டாக்டர். அக்கா துணி மாற்றும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல், முதல் மாதம் மானம் போய் நின்ற அந்தச் சின்னப் பெண்ணுக்கே சொன்னாள்.

மூன்று மாதம் கழித்து அவருக்கு மறு ஸ்கேன். மேடு எழுந்தது, அதே உயரத்தில் அசையாமல் நின்றது. இழுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டது.

“அக்கா, இன்னும் இழுக்கலியா?”

“கோடு நல்லாத்தான் இருக்கு தம்பி.”

“இருக்கட்டுமே. ஒரே ஒரு தடவை வெளியே இழுத்துப் பாத்துடுங்க.”

அக்கா இழுத்தாள்.