இருபத்து நான்காவது ஊசி

“இருபது, இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு... யாரும் எழுந்திருக்கக் கூடாது. இன்னும் ஒண்ணு எங்கே?”

இருபத்து மூன்று சிறுமிகள் பாயில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். செல்வமேரி டீச்சர் கன்னம் தரையில் படும் அளவுக்குக் குனிந்து பாயை நோட்டம் விடுகிறார். வெயில் விழும் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். அங்கேதான் ஊசி மின்னும். இன்றைக்கு அது வேதவதியின் பின்னலில் அகப்படுகிறது.

“எல்லாரும் தலையில பூ வைப்பாங்க. நீ ஊசி வச்சிருக்கியா, கண்ணு?”

அதுவும் ஊசி குத்திவைக்கும் குட்டி மெத்தையில் ஏறிய பிறகுதான் கூடத்துக்கு மூச்சு வருகிறது. செருப்புப் போடாத நாற்பத்தாறு கால்கள் ஓடியாடும் இடம் அது. மணி அடித்தாலும், மழை பிடித்தாலும், வாசலில் யானையே வந்து நின்றாலும், ஊசியை எண்ணாமல் டீச்சர் ஒருவரையும் விடமாட்டார்.

இந்தக் கணக்கில் சேராத ஊசி ஒன்று உண்டு. டீச்சரின் ரவிக்கைத் தோளில், ஒரு முழம் வெள்ளை நூலோடு எப்போதும் குத்தியிருக்கும். பேச்சு நடுவில் தடைப்பட்டால் கை தானாக அங்கே போய் அதைத் தொட்டுவிட்டுத் திரும்பும்.

டீச்சருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பாலக்கரையில் குடியிருப்பு. கணவர் இருதயநாதன் அங்கே தையல் கடை வைத்திருக்கிறார். அவர் கத்தரிக்கோலிலிருந்து விழும் வெட்டுத்துணிதான் ஸ்ரீரங்கத்துப் பள்ளியின் தையல் வகுப்புக்கு மூலதனம். கோட்டுக்கு உள்ளே வைக்கும் வழுவழுப்புத் துணி, போலீஸ்காரர் நிஜாரின் காக்கி, கல்யாண ஜாக்கெட்டின் சரிகை ஓரம் எல்லாவற்றையும் ஒரு தலையணை உறையில் திணித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு டீச்சர் காவேரியைத் தாண்டி வருவார். “நான் கடையைப் பெருக்கி ஒரு வருஷம் ஆச்சு. குப்பையெல்லாம் அக்கரைக்குப் போயிடுது” என்று இருதயநாதன் என்னிடம் பெருமையாகக் குறைப்பட்டுக்கொண்டார்.

வகுப்பு செவ்வாயும் வியாழனும். வெள்ளிக்கிழமை ஊசி புழங்கக் கூடாது என்று பாதி வீடுகளில் சொல்லிவிட்டார்கள். ஊசியை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கொடுத்தால் சண்டை வரும் என்று மீதி வீடுகளில் சொல்லிவிட்டார்கள். டீச்சர் வாதம் செய்யவில்லை. ஊசியை மெத்தையில் குத்துவார். குழந்தை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். “நல்லதுதான். கையில கொடுத்தா விரல்ல குத்தும். விரல்ல குத்தினா சண்டை வரத்தானே செய்யும்?”

என் அக்காள் பெண் அரவிந்தவல்லி இந்த வகுப்பில் படிக்கிறாள். ஆறு வருஷம் ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று சுற்றிவிட்டு வந்த எனக்கு ஓரிடத்தில் கால் தரிப்பதில்லை. அவளை அழைத்து வரப் போன இடத்தில், “சும்மா நிக்கிறீங்களே, உக்காருங்க” என்று டீச்சர் என்னையும் பாயில் உட்கார வைத்துவிட்டார்.

முதலில் செய்யவேண்டியது ஊசி மெத்தை. உள்ளங்கை அகலத்தில் இரண்டு சதுரம். மூன்று பக்கம் தைத்துவிட்டு உள்ளும் புறமுமாகத் திருப்பி, உள்ளே அடைத்து, நான்காம் பக்கத்தை மூடவேண்டும். அடைப்பதற்குப் பஞ்சு இல்லை. வீட்டில் காப்பி இறக்கிய சக்கையை மூன்று நாள் வெயிலில் காயவைத்துக் கொண்டுவரச் சொல்வார். “ஊசி துருப்பிடிக்காது. உங்க ஊர்ல அதுக்குப் பஞ்சமும் இல்ல.” அதனால் அந்தக் கூடம் எந்நேரமும் காப்பி மணக்கும்.

ஓட்டுத்தையலை அவர் ரயிலாகச் சொல்லிக்கொடுப்பார். “பாலத்து மேல ஒரு தடவை, பாலத்துக்குக் கீழ ஒரு தடவை. ரயில் குதிக்கக் கூடாது. கோணலாப் போனா பரவாயில்ல, ஆத்துல விழாம அக்கரை போய்ச் சேரணும்.” நூல் விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும்தான். அதற்கு மேல் எடுக்கிறவளைப் பார்த்து, “பட்டம் விடப் போறியா, தாயி?” என்பார். நூலைப் பல்லால் கடிக்கக் கூடாது என்பது கடும் சட்டம். அதைவிடக் கடுமையானது, துணியை மடியில் வைத்துத் தைக்கக் கூடாது என்பது. அந்தச் சட்டத்தை அலட்சியம் செய்துவிட்டு நான் பெருமையோடு எழுந்தபோது, என் முதல் பை என் புடவையோடு சேர்ந்து எழுந்தது. குழந்தைகள் சிரித்து ஓயக் கால் மணி ஆயிற்று. “சீமையெல்லாம் பாத்தவங்களும் மடியிலதான் தைக்கிறாங்க. எழுதிக்குங்க” என்றார் டீச்சர்.

மெத்தைக்குப் பிறகு சிலேட்டுப் பை. பிறகு வாயில் கயிறு கோத்த சுருக்குப் பை. அதே கயிற்றையும் அதே சுருக்கையும் கொண்டு மரப்பாச்சிக்குப் பாவாடை. கடைசிப் பாடம் பித்தான். கோணல் தையலை அவர் பிரிக்கச் சொன்னதே கிடையாது. பைக்குள் ஒரு படி கூழாங்கல்லைப் போட்டு உதறுவார். கல் சிந்தாவிட்டால் பாஸ். சிந்தினால், “உன் பை எங்கே பசியா இருக்குன்னு பாரு” என்று அந்த ஓட்டையைக் காட்டித் திருப்பிக் கொடுப்பார்.

பள்ளி நிர்வாகி சடகோபன் சுவாமிக்கு இதில் ஒன்றும் பிடிக்கவில்லை. ஓய்வு பெற்ற வக்கீல். கண்ணாடிச் சட்டத்துக்குள் கம்பளி ரோஜாவை எதிர்பார்த்தார். காக்கிப் பைகளைக் கண்டார். “ஒரு வருஷமா சாக்கு தைக்கத்தானா சொல்லிக் கொடுக்கறேள்?” என்று கேட்டார். டீச்சர் தோளைத் தொட்டுக்கொண்டு, “சுவத்துல தொங்கறதைக் குழந்தைங்க ஒரு நாள்தான் பாக்கும், ஐயா. பையைத் தினம் தூக்கும்” என்றார். நிர்வாகி ஒரு கெடு வைத்தார். சரஸ்வதி பூஜை விடுமுறைக்கு முன் ஒரு நாள் வருவார். குழந்தைகள் அவர் கண்ணெதிரே தைக்கவேண்டும். திருப்தி இல்லையென்றால் தையல் வகுப்பு அன்றோடு நின்றுவிடும். அந்த நேரம் கணக்குப் பாடத்துக்குப் போய்விடும்.

டீச்சர் அன்றைக்குத்தான் கொஞ்சம் கலங்கிப்போனார். தலையணை உறையைக் கட்டியபடியே குழந்தைகளிடம், “பாருங்க கண்ணுங்களா, சிலேட்டு எப்படியோ அப்படித்தான் ஊசியும். இதுவும் படிப்புதான். அதை அவர் பாக்கணும், அவ்வளவுதான்” என்றார்.

குழந்தைகள் அந்த வார்த்தையை அப்படியே நம்பிவிட்டார்கள்.

நிர்வாகி வருவதாகச் சொன்னது விடுமுறைக்கு முந்திய நாள் பிற்பகல். அன்று காலையிலேயே பள்ளியில் பூஜை முடிந்திருந்தது. மறுநாள் அவரவர் வீட்டுப் பூஜை. டீச்சர் மூன்று மணிக்குப் பாலக்கரையிலிருந்து வந்து பாயை விரித்து, ஊசி மெத்தையை எடுக்க அலமாரியைத் திறந்தார். காலியாக இருந்தது.

“ஊசியெல்லாம் எங்கே?”

“பூஜையிலே வச்சுட்டோம், டீச்சர்” என்றாள் அரவிந்தவல்லி. “சந்தனம் குங்குமம் எல்லாம் இட்டாச்சு. கத்தரிக்கோலும் அங்கேதான். நீங்கதானே சொன்னேள், அதுவும் படிப்புன்னு?”

கோடி அறையில் புத்தகக் குவியலின் உச்சியில், காப்பிச் சக்கை மெத்தை நடுவில் குங்குமத்தோடு இருந்தது. அதைச் சுற்றி இருபத்து மூன்று ஊசிகள் முள்ளம்பன்றி முள் போல நின்றன. பூஜையில் வைத்ததை விஜயதசமிக்கு முன்னால் யாரும் தொடக் கூடாது.

டீச்சர் நிலைப்படியில் நின்று பார்த்தார். சிரிப்பதா அழுவதா என்று அந்த முகத்துக்கே தெரியவில்லை. அப்போதுதான் வாசலில் நிர்வாகியின் கைத்தடிச் சத்தம் கேட்டது.

“தைக்கச் சொல்லுங்கோ, பார்க்கலாம்” என்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஊசி பூஜையிலே இருக்கு, மாமா” என்றாள் அரவிந்தவல்லி. “எடுக்கப்படாது.”

அவர் கோடி அறையை எட்டிப் பார்த்தார். எடு என்று சொல்ல அவராலும் முடியாது. வருஷந்தோறும் தம் சட்டப் புத்தகங்களை இப்படி அடுக்கி வைப்பவர். “அப்போ பார்க்கறதுக்கு ஒண்ணும் இல்லே” என்று கைத்தடியை ஊன்றி எழுந்தார். “பள்ளிக்கூடம் திறந்த உடனே கணக்கு வாத்தியாரை...”

“மாமா, உங்க கோட்டிலே பித்தான் இல்லே” என்றாள் வேதவதி.

நிஜம்தான். கழுத்து வரை மூடிய கோட்டில், நெஞ்சுக்கு நேரே ஓர் ஊக்குத்தான் மானத்தைக் காத்துக்கொண்டிருந்தது. நிர்வாகி கையால் அதை மறைத்தார். “போன மாசம் விழுந்தது. ஆத்துல யாருக்கும் ஒழியலே.”

டீச்சரின் கை தோளுக்குப் போயிற்று. ஊசியை உருவிக் குழந்தைகளைப் பார்த்தார். “இது கூடாதா?”

அரவிந்தவல்லி யோசித்தாள். கூடமே அவள் வாயைப் பார்த்தது. “அது பூஜையிலே வைக்கலியே. வைக்காததை எடுக்கலாம்.”

நிர்வாகி புருவத்தை உயர்த்தினார். பிறகு மெல்லக் கோட்டைக் கழற்றினார். “பாயின்ட் சரிதான்” என்று அங்கவஸ்திரத்தைப் போர்த்திக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார்.

டீச்சர் பித்தான் டப்பாவைக் கொட்டி, இருந்ததற்குள் பொருத்தமான கறுப்புப் பித்தானைப் பொறுக்கினார். கோட்டைப் பாயில் விரித்தார். “ஆளுக்கு ஒரு குத்து. மடியில வேணாம். கீழேருந்து மேல, மேலேருந்து கீழ.” இருபத்து மூன்று பேரும் வரிசையாக வந்தார்கள். ஒருத்தி குத்திவிட்டு ஊசியைத் துணியிலேயே நிறுத்துவாள். அடுத்தவள் அங்கிருந்து எடுப்பாள். கைக்குக் கை மாறவே இல்லை. முதலில் மேலே பார்த்துக்கொண்டிருந்த நிர்வாகி, பத்தாவது பெண் வருவதற்குள் முன்னால் சாய்ந்துவிட்டார். பதினைந்தாவது பெண் தவறான துளைக்குப் போனபோது, “அந்தப் பக்கம்மா, அந்தப் பக்கம்” என்று பதறினார்.

கடைசி முடிச்சுப் போட்டாயிற்று. நூலை அறுக்கக் கத்தரிக்கோல் இல்லை. டீச்சர் தம்மை அறியாமல் கோட்டை முகத்தருகே தூக்கினார்.

“டீச்சர், பல்லு!” என்று கூடம் முழுவதும் கத்தியது.

அவர் அப்படியே நின்றார். நிர்வாகி கோட்டுப் பையைக் காட்டி, “அதுக்குள்ளே பேனாக்கத்தி இருக்கு” என்றார். நூல் அறுந்தது. நிர்வாகி கோட்டை மாட்டிக்கொண்டு புதுப் பித்தானை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். இன்னும் பலமாக இழுத்தார். கோட்டுதான் கிழியவேண்டும்.

“ஆயுசுக்கும் வராது போலிருக்கே!” என்றார். ஊக்கைக் கழற்றிப் பாயின் ஓரத்தில் வைத்துவிட்டு நடந்தவர், வாசற்படியில் திரும்பினார். “கணக்கு வாத்தியார் சனிக்கிழமை வரட்டும். செவ்வாயும் வியாழனும் இருக்கறபடியே இருக்கட்டும். என் குடையிலே ஒரு கம்பியிலே தையல் விட்டுப்போயிருக்கு, அதையும் அனுப்பறேன்.”

பெண்கள் போட்ட கூச்சலில் மாடப்புறாக்கள் பறந்தன. டீச்சர் பாயைச் சுருட்டினார், பித்தான்களைப் பொறுக்கினார், தலையணை உறையைக் கட்டினார். ஊசியைத் தோளில் குத்தப் போனவர் என்ன நினைத்தாரோ, கோடி அறை நிலைப்படிக்குப் போய் நின்றார்.

“அரவிந்தம், இதுக்கும் ரெண்டு நாள் லீவு கொடுக்கலாமா?”

ஊசியை முந்தானையில் துடைத்து நிலைப்படியில் வைத்தார். என் அக்காள் பெண் எடுத்துப்போய் மெத்தையில் குத்தி, “இருபத்து நாலு” என்று உரக்கச் சொன்னாள்.

டீச்சரைப் பஸ்ஸுக்குக் கொண்டுவிட நான் கூடப் போனேன். குடை தைக்க எந்த நூல் நல்லது என்று வழிநெடுகப் பேசிக்கொண்டு வந்தார். பேச்சு நடுவில் தடைப்பட்டது. கை தோளுக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. வெறும் இடத்தை ஒரு முறை தட்டிக்கொடுத்துவிட்டு, சிரித்தபடி பஸ்ஸில் ஏறினார்.