தொண்டைக் குழாயோடு ராகலையிலிருந்து கண்டிக்கு

ராகலையிலிருந்து நுவரெலியா வழியாகக் கண்டிக்குப் போகும் பாதையைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அருவி எங்கே, படம் பிடிக்க நல்ல வளைவு எங்கே என்று எல்லாம் கிடைக்கும். தொண்டையில் குழாய் வைத்த ஒருவரை அதே பாதையில் எப்படிக் கூட்டிப் போவது என்று தேடினேன். தமிழில் ஒரு வரிகூட அகப்படவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன். நாங்கள் போனது போன மாதம், ஒரு வியாழக்கிழமை.

என் கணவர் யோகராஜா தேயிலைத் தொழிற்சாலையில் லொறி ஓட்டுகிறவர். கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் அவருக்கு நெஞ்செலும்பைப் பிளந்து இதய ஆபரேஷன் செய்தார்கள். மூச்சு மெஷினிலிருந்து சீக்கிரம் இறக்க முடியாததால் தொண்டைக்குழியில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார்கள். ஐந்து வாரம் ஆஸ்பத்திரி, பிறகு இரண்டு வாரம் வீடு. மூச்சு குழாய் வழியாகவே வெளியே போய்விடுவதால் இந்த ஏழு வாரமும் மனுஷனுக்குக் குரல் இல்லை. வேண்டியதைக் கொப்பியில் எழுதிக் காட்டுவார். கோபம் வந்தால் எழுத்து பெரிதாக இருக்கும்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் மிஸ் என் விரல்களைப் பிடித்து அவர் நெஞ்சில் வைத்துக் காட்டினார். குழாய்க்கும் நெஞ்சுத் தையலின் மேல் முனைக்கும் நடுவே மூன்று விரல் தூரம். சர்க்கரை வியாதியால் அந்த முனை மட்டும் இன்னும் ஆறவில்லை. குழாயிலிருந்து வரும் சளி அதற்குள் இறங்கினால் கிருமி எலும்பு வரைக்கும் போகும், நெஞ்சை மறுபடி திறக்க வேண்டி வரலாம் என்றார். வியாழக்கிழமை திரும்பக் காட்ட வரும்போது காயம் காய்ந்திருந்தால் குழாயை எடுப்பதைப் பற்றி யோசிப்பார்கள். சீழ் கண்டால் நேரே வார்டுதான். அந்த மூன்று விரல் இடத்தைச் சளிக்கு விட்டுக்கொடுப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். தோட்டத்துப் பெண்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில்தான் எனக்கு வேலை. கை கழுவும் விஷயத்தில் என்னிடம் யாரும் வாலாட்ட முடியாது.

காலை 5.30க்குத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து ஆட்டோ. ராகலை டவுனுக்கு ஆறு கிலோமீட்டர்தான், ஆனால் ரோடு இருக்கிற லட்சணத்துக்கு நாற்பது நிமிடம். கூலி 1,200 ரூபாய். குழி வரும்போதெல்லாம் ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கச் சொன்னேன். ஆபரேஷன் செய்தவர்கள் இருமும்போதும் இதைத்தான் செய்வார்கள்.

டவுனில் சந்திரன் வேனோடு நின்றான். என்னவரோடு பழகிய தம்பி, தங்கமான பிள்ளை. போய்வர 22,000 ரூபாய் பேசியிருந்தோம். நுவரெலியா 22 கிலோமீட்டர், 7.20க்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து கண்டி இன்னும் 77. வழியெல்லாம் பனி, முன்னால் போகிற பஸ்ஸின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. றம்பொடைக்கு மேலே ஒரு தேநீர்க் கடையில் 8.25க்கு நிறுத்தினோம். நான் இறங்கிப் போய்வர ஆறு நிமிடம் ஆகியிருக்கும்.

திரும்பி வந்தபோது அவர் உள்ளங்கையால் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தார். முகம் கறுத்திருந்தது. கழுத்தில் சந்திரனின் சிவப்புக் கம்பளி மப்ளர், இரண்டு சுற்று, இறுக்கமாக ஒரு முடிச்சு!

எங்கள் பக்கத்தில் பனி இறங்கினால் முதலில் கழுத்தைத்தான் சுற்றுவோம். பிள்ளைக் காம்பராவில் எத்தனை பிள்ளைகளுக்கு நானே கட்டிவிட்டிருக்கிறேன். சந்திரனும் அன்பாகத்தான் கட்டியிருக்கிறான். வேண்டாம் என்று சொல்ல அவருக்குக் குரல் இல்லை. மப்ளரைப் பிடுங்கினேன். கம்பளி சளியில் ஊறி, காயத்தின் கட்டு விளிம்பு வரைக்கும் ஈரம்.

"என்னடா தம்பி செஞ்ச?"

"பனி கொட்டுதேக்கா. தொண்டைய தொறந்து வச்சா அண்ணனுக்கு குளுரு ஏறிருமேன்னுதான் கட்டிவிட்டேன்."

"அவரு மூச்சு விடுறதே அந்த ஓட்டையாலதான்டா! கதவ சாத்து, வந்து எனக்கு கையில தண்ணி ஊத்து."

முதலில் மூச்சு. காலால் மிதித்து இயக்கும் பம்பால் குழாயிலிருந்த சளியை உறிஞ்சி எடுத்தேன். பிறகு கை கழுவி, புதுக் கையுறை போட்டு, காயத்தின் கட்டை மாற்றினேன். குழாயைச் சுற்றித் துடைத்தது கடைசியில்தான். அழுக்கான இடத்தைத் தொட்ட கை காயத்துக்குப் போகக்கூடாது என்பது மிஸ்ஸின் கட்டளை. சந்திரன் தண்ணீர் ஊற்றினான். நான் வாய் ஓயாமல் அவனைத் திட்டினேன். என்னவர் கொப்பியை எடுத்துக் காட்டினார்: "போதும், அவனை விடு." எழுத்து பெரிதாக இருந்தது.

அதற்குப் பிறகு கண்டி வரை சந்திரன் குழிகளைப் பார்த்துப் பார்த்து ஓட்டினான். ஈரம் உள்ளே இறங்கியதா இல்லையா என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. அதுதான் என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு 11.10க்குப் போனோம். மிஸ் கட்டைப் பிரித்து, வெளிச்சத்தில் பார்த்து, பஞ்சுக் குச்சியால் ஒற்றிப் பரிசோதனைக்கு அனுப்பினார். "உள்ள எறங்கல. நேரத்துக்கு மாத்திட்டீங்க" என்றார். சுவரில் சாய்ந்துகொண்டேன்.

டொக்டருக்காகக் காத்திருந்த ஒன்றரை மணி நேரத்தில், அடுத்து வருகிறவர்களுக்காகக் கொப்பியின் பின்பக்கம் எழுதியது இது. பம்பு, கையுறை, கட்டுத் துணி எல்லாவற்றையும் மடியிலேயே வையுங்கள், டிக்கியில் போடாதீர்கள். குழாய் வாயில் ஒற்றை மடிப்பு ஈர வலைத்துணி (கோஸ்) போதும், சளியில் நனைந்தால் உடனே மாற்றுங்கள். குளிருக்குக் காதையும் தலையையும் மூடுங்கள், கழுத்தை விட்டுவிடுங்கள். இதெல்லாம் எங்கள் மிஸ் எங்களுக்குச் சொன்னது, உங்கள் வார்டில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். வேனில் ஏறும்போதே டிரைவரிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. தப்பில் பாதி என்னுடையது, அதைச் சந்திரனிடமும் ஒப்புக்கொண்டேன். அவன் தலையை நிமிர்த்தவே இல்லை.

டொக்டர் வந்தார். எல்லாம் சரியாக இருந்தால் இரண்டு வாரத்தில் குழாயை எடுக்கப் பார்க்கலாம் என்றார். கையுறை போட்ட விரலால் குழாயின் வாயை மெல்ல அடைத்து, "இப்ப ஏதாவது பேசிப் பாருங்க" என்றார்.

ஏழு வாரம் காத்திருந்த நான் அவர் முகத்துக்கு நேரே போய் நின்றேன். மனுஷன் என்னைத் தாண்டி, பையைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்ற சந்திரனைப் பார்த்தார். ஓட்டைத் தகரத்தை இழுத்த மாதிரி ஒரு குரல் வந்தது.

"மப்ளரு... நல்ல சூடுடா தம்பி."