புகார்: சத்தமே இல்லை

அப்பா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே அறை, ஒரே இருட்டு. நெஞ்சைப் பலகையில் ஒட்டி நிற்பவர்களிடம், "சிரிங்க, அப்பதான் விலா எலும்பு நல்லா விழும்" என்பார். பாதிப் பேர் நம்பிச் சிரிப்பார்கள்.

காலையில் மெஷினைச் சூடாக்கியதும் ஒரு படம் எடுத்துச் சரிபார்க்க வேண்டும். தேதி முடிந்த பிலிமைத்தான் அதற்குப் பயன்படுத்துவார்கள். அந்தப் படத்துக்கு ஏதாவது ஒரு பொருள் வேண்டுமே. அதை அப்பா எங்கள் வீட்டிலிருந்து சாப்பாட்டுப் பையில் போட்டு எடுத்துப் போவார். பூட்டு, குடை, அம்மாவின் ஹேர்பின் டப்பா, என் சாவி கொடுக்கும் பொம்மை. சாயங்காலம் பிலிமை ஜன்னலில் செருகிவிட்டு, "யார் இவர்?" என்பார்.

அவர் விடை சொல்லமாட்டார். அதுதான் விதி. கூடவே ஒரு பழுப்புக் கவர் வரும், நோயாளிகளுக்குக் கொடுக்கும் அதே கவர். பெயர் என்ற இடம் காலியாக இருக்கும். புகார் என்ற இடத்தில் ஒரு வரி எழுதியிருப்பார். அலாரம் கடிகாரத்துக்கு, "காலையில் கத்துகிறார்." குடைக்கு, "வெயிலில் விறைத்துக்கொள்கிறார்." கண்டுபிடித்தவர்தான் பெயரை எழுத வேண்டும். சரியாக எழுதிவிட்டால் பிலிமைக் கையில் கொடுத்து, "டிஸ்சார்ஜ்" என்பார். பெரும்பாலும் எனக்குத்தான் கிடைக்கும். அண்ணன் ஹேர்பின்களை மீன் முள் என்று சொன்னவன்.

ஒருமுறை புதிதாக வந்த டாக்டர், விளக்குப் பெட்டியில் கிடந்த சாவிப் படத்தைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"யாருய்யா இதை முழுங்கினது?"

"எங்க வீட்டுக் கதவு சார்."

இதை அப்பா சொல்லும்போதெல்லாம் அம்மா சமையலறையிலிருந்து, "போதும், அந்த டாக்டர் பாவம்" என்பாள். அந்த டாக்டர் தலைமை டாக்டரான பிறகும் அதைத்தான் சொன்னாள்.

அம்மா போய் ஒன்பது வருஷம். அப்பா போய் இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. வாடகை வீடு. சாயங்காலம் சாவியைக் கொடுக்க வேண்டும். அண்ணன் காலையிலிருந்து கட்டிலையும் பீரோவையும் கழற்றிக்கொண்டிருந்தான். நான் பிலிம்களோடு உட்கார்ந்திருந்தேன்.

"சின்னது, மத்தியானம் பழைய பிலிமை விலைக்கு எடுக்கிறவர் வர்றார். வேணுங்கிறதை மட்டும் எடுத்து வை. எல்லாத்தையும் கட்டித் தூக்கிட்டுப் போகாதே, உன் வீட்டுல நீ நிக்கவே இடம் இல்லை."

"உனக்கு எதுவும் வேண்டாமா?"

"எனக்கு என்ன தெரியும் அதுல? எல்லாமே மீன் முள்ளாத்தான் தெரியுது."

அப்பா இருக்கும் போட்டோ ஒன்றுதான் கிடைத்தது. ஆஸ்பத்திரி ஆண்டு விழா. எல்லோரும் விறைப்பாக நிற்கிறார்கள். கடைசி வரிசையில் அப்பா யாருடைய நெஞ்சுப் படத்தையோ தன் நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டிருக்கிறார். முகத்தில் சிரிப்பே இல்லை. "நம்மகிட்ட ஒளிவு மறைவு கிடையாது" என்று சொன்னாராம். சுவரில் மாட்ட இதையா கொடுப்பது என்று அண்ணன் தலையில் கை வைத்தான். அதை நான் எடுத்துக்கொண்டேன்.

பீரோவின் அடித்தட்டில் இன்னொரு கட்டு இருந்தது. எடுத்துப் பார்த்தேன். மூலையில் இருந்த தேதிகள் எல்லாம் நானும் அண்ணனும் வேலைக்காக ஊர் மாறிய பிறகு உள்ளவை. ஒரு கவரிலும் பெயர் இல்லை.

நாங்கள் வந்தால் ஒரு நாள் தங்குவோம். அவர் இதையெல்லாம் எடுத்துக் காட்டியதில்லை. ஆனால் எடுப்பதை நிறுத்தவும் இல்லை போலிருக்கிறது.

ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதினேன். டார்ச். ஊறுகாய் பாட்டில் மூடி. மூக்குக் கண்ணாடி, அம்மாவுடையது, ஒரு பக்கக் காதுக் கம்பி வளைந்திருந்தது, "புகார்: பார்க்க ஆள் இல்லை." அதில் மட்டும் எழுத நேரமானது.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. அதன் கவரில் மட்டும், மேலே, "சின்னதுக்கு" என்று எழுதியிருந்தது. எனக்கென்று வைத்த கேள்வி. இதையும் கண்டுபிடிக்காமல் அந்த வீட்டை விட்டு இறங்க எனக்கு மனம் இல்லை.

"புகார்: சத்தமே இல்லை. உள்ளே எலும்பு முறிவு எதுவும் இல்லை."

என் வேலை சர்க்யூட் போர்டுகளில் பழுது கண்டுபிடிப்பது. அந்த முறையிலேயே பார்த்தேன். இரண்டு வட்டக் கிண்ணங்கள், அருகருகே. நடுவே சின்னச் சுத்தி. ஒரு கம்பிச்சுருள். நான்கு மூலையிலும் திருகாணி. இரட்டை மணி வைத்த அலாரம் என்று முதலில் நினைத்தேன். அலாரம் என்றால் பல்சக்கரம் இருக்க வேண்டும். இல்லை. சைக்கிள் மணிக்கு ஒரு கிண்ணம்தான். எங்கள் வீட்டில் அழைப்பு மணி இருந்ததில்லை. கதவைத் தட்டினால் அப்பா, "வலிக்குதாம், மெதுவா" என்று உள்ளிருந்து குரல் கொடுப்பார்.

அலமாரி, பரண், கருவிப் பெட்டி எல்லாம் பார்த்தாயிற்று. பிலிம் எடுப்பவர் வந்து வாசலில் நின்றார். மற்ற பிலிம்களைக் கட்டி அவரிடம் கொடுத்தேன்.

"அது ஒண்ணு?" என்றார்.

"இது இன்னும் முடியல" என்றேன்.

அவர் போன பிறகு அண்ணன், "அந்த ஸ்டூலைக் கொஞ்சம் காலி பண்ணு" என்றான். ஸ்டூலின் மேல் பட்டன் வைத்த பழைய லேண்ட்லைன் போன் இருந்தது. லைன் எப்போதோ வெட்டியாயிற்று. தூக்கித் தரையில் வைத்தேன்.

டிங் என்றது.

பிலிமைத் தரையில் விரித்து அதன் மேல் போனை வைத்தேன். நான்கு திருகாணியும் நான்கு புள்ளியின் மேல் உட்கார்ந்தன.

அண்ணன் ஸ்க்ரூடிரைவரோடு வந்து நின்றான். "என்ன அது?"

"போன். அப்பா ரிசீவரைக் கழற்றி வச்சிட்டுப் போனை எக்ஸ்ரே எடுத்திருக்கார்."

அவன் குனிந்து பிலிமையும் போனையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். அது பாதியிலேயே நின்றது.

"அம்மா போன அடுத்த வருஷம். காலையிலேர்ந்து போன் பண்றேன், எடுக்கவே இல்ல. வேலைக்குப் போயிருப்பார்னு நினைக்கல, பயந்து பஸ் பிடிச்சு ஓடி வந்தேன். சாயங்காலம் வீட்டு கேட் கிட்டயே வர்றார், கையில துணிப்பையோட. ஏம்பா போன் எடுக்கலன்னு கேட்டேன். 'ரொம்ப நாளா சத்தமே இல்லடா, உடம்புக்கு என்னமோன்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்'னார். எப்பவும் போல கிண்டல்னு விட்டுட்டேன்."

"பையில என்னன்னு கேட்கலையா?"

"கேட்கல." ஸ்க்ரூடிரைவரைக் கையில் உருட்டினான். "பழுது ஏதாவது தெரியுதா அதுல?"

பிலிமை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். சுருள் முழுதாக இருந்தது. சுத்தி நேராக இருந்தது. மணியில் விரிசல் இல்லை. அடிப்பதற்கு அதில் எந்தத் தடையும் இல்லை. யாராவது கூப்பிட்டிருந்தால் அடித்திருக்கும்.

"லைன் கோளாறா இருக்கும்" என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டுக் கட்டிலைக் கழற்றப் போனான்.

கவரில் பெயர் என்ற இடத்தில் 'டெலிபோன்' என்று எழுதினேன். டிஸ்சார்ஜ் என்று சொல்ல ஆள் இல்லை.

போனை நான் கொண்டு வந்துவிட்டேன். திரும்பும் பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் லேசாக அடித்தது. பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரமா அடிக்குது. எடுத்துப் பேசும்மா."

முகத்தில் சிரிப்பே இல்லாமல்தான் சொன்னார்.

எடுத்துக் காதில் வைத்தேன். அடுத்த நிறுத்தம் வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.