கரைவலையில் ஏழாம் வாய்ப்பாடு

எங்கள் அத்தை நடத்திய பள்ளிக்கூடத்துக்குப் பெயரும் கிடையாது, பெஞ்சும் கிடையாது. உப்பூருக்குத் தெற்கே கடற்கரையில் ஒரு தென்னங்கிடுகுக் கொட்டகை, ஒரு கரும்பலகை, வலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் நாங்கள். அய்யாவுக்குத் தங்கையான அத்தை எட்டாவது படித்தவர். அந்தக் கரையில் அதுவே பெரிய படிப்பு. அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. மீன் கழுவுகிற கைக்கு எழுத்து எதற்கு என்பார். சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் பின்னாலேயே உட்கார்ந்து கருவாடு காயப்போடுவார்.

இருபது பேர் படித்தால் பள்ளிக்கூடத்துக்கு அங்கீகாரமும் மதியச் சோறும் உண்டு, இல்லையென்றால் மூடவேண்டியதுதான் என்று கல்வி ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். அதைப் பார்க்க ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. நான் எண்ணிப் பார்த்தால் பத்தொன்பதுதான் வந்தது. அத்தை கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. கணக்கு டீச்சருக்கே எண்ணத் தெரியவில்லையே என்று எனக்குத்தான் பயம்.

அதிகாரி வந்த நாள் பார்த்துச் சாளை மீன் கூட்டம் கரையை ஒட்டி வந்துவிட்டது. கரைவலை இழுக்க ஆள் போதாமல், கண்ணில் பட்டவர்களையெல்லாம் கூப்பிட்டார்கள். நாங்கள் அத்தனை பேரும் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டோம். கொட்டகையில் அத்தையும் அதிகாரியும் கரும்பலகையும்தான் மிச்சம்.

அத்தை அழப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வகுப்பு அங்கன நடக்குது சார், வாங்க" என்று அவரைக் கரைக்கே கூட்டிவந்துவிட்டார். தானும் கயிற்றைப் பிடித்து, ஏலேலோவுக்குப் பதிலாக ஏழாம் வாய்ப்பாட்டை எடுத்தார். இழுக்கத் தாளம் கிடைத்தால் போதும் என்று பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

வலை கனத்தது. ஐயேழுக்கு வந்ததும் அத்தைக்கு மூச்சு வாங்கிக் குரல் நின்றுபோனது. தாளம் தப்பினால் கயிறு வழுக்கி உள்ளங்கையை உரித்துவிடும். கயிறு நழுவத் தொடங்கியபோது எனக்குப் பின்னால் ஒரு குரல் எழுந்தது.

"ஆறேழு நாப்பத்திரெண்டு."

அம்மா! குதிகாலை மணலில் ஊன்றிக்கொண்டு, பதினாறேழு வரைக்கும் ஒரு தப்பில்லாமல் சொன்னார். கரை முழுவதும் அந்தக் குரலுக்குப் பின்னால் இழுத்தது. காக்கை விரட்டுகிற குரலா இது என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "ஏடி, கயித்தை விடாத" என்று அவர் அதட்டியபிறகுதான், நான் வாயைப் பிளந்துகொண்டு சும்மா நிற்பது எனக்கே தெரிந்தது.

வலை கரையேறியதும் அத்தை வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களைக் கூப்பிட்டார். பத்தொன்பது பேரும் உள்ளேன் என்றோம். அதிகாரி பேனாவை மூடப்போனார். அத்தை ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு என் அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்.

அம்மா குனிந்த தலை நிமிராமல், "உள்ளேன் டீச்சர்" என்றார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி பதிவேட்டை வாங்கிப் பழைய பக்கங்களையெல்லாம் புரட்டினார். அம்மாவை ஒருமுறை பார்த்தார். இருபது என்று எழுதிக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தைக் காப்பாற்ற அம்மா பொய் சொன்னதாகவே வெகுகாலம் நினைத்திருந்தேன். அந்தப் பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி வரியில் அம்மாவின் பெயர் இருந்ததை வளர்ந்தபிறகுதான் பார்த்தேன். கொட்டகையின் பின்பக்கத் தட்டியில், கரும்பலகைக்கு நேரே, அம்மா உட்காரும் இடத்தில் ஒரு கிடுகு எப்போதும் விலகியே கிடக்கும். காற்றடிக்கிறது, அதை இழுத்துக் கட்டுங்கள் என்று அத்தையை நான் நச்சரிக்காத நாளில்லை.